சுராங்கனியைத் தெரியும், மனோகரனைத் தெரியுமா?

நிந்தவூரில் என் வயதினர் பலர் ‘சுராங்கனி’யை மனப்பாடம் செய்தது பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸில்தான். மீன் கொண்டுவருவதைப் பற்றிய அந்தப் பாட்டுக்குக் கரையோர மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால், அதைப் பாடிப் பரப்பியவர் யார் என்று கேட்டால் பலரும் யோசிக்கிறார்கள்.

அவர் ஏ.ஈ. மனோகரன். ரசிகர்கள் அவரைப் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று அழைத்தார்கள்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரவுன் 1960களில் மெட்டைவிடத் தாளத்தை முன்னுக்குக் கொண்டுவந்து ஃபங்க் இசைக்கு வழி திறந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கைத் தமிழ் இளைஞர்களும் ஆடவைக்கும் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அது பைலா. போர்த்துக்கேயர் காலத்து இசையும் ஆபிரிக்க வம்சாவளியினரின் தாளமும் கலந்து பிறந்தது. அதன் மூலவேர்களில் ஒன்றான கஃப்ரிஞ்ஞாவை எங்களுக்கு அயலான மட்டக்களப்பில் பறங்கியர் இன்னும் ஆடுகிறார்கள். 1940களில் வொலி பஸ்தியன் இந்தத் தாளத்தில் சிங்களப் பாடல்களை அமைத்தார். தமிழில் ‘சின்ன மாமியே’ தந்த நித்தி கனகரத்தினம் முன்னோடி. அவர் அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்தவர். அந்தத் துள்ளிசையை இலங்கைக்கு வெளியிலும் பரப்பியவர்களில் முக்கியமானவர் மனோகரன்.

சுராங்கனியில் சிங்களமும் தமிழும் ஒரே மெட்டில் கைகோத்து வரும். ‘இலங்கை என்பது நம் தாய்த்திருநாடு’ என்றும் அவர் பாடினார். மொழி நாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பாடல்கள் இரு பக்க மேடைகளிலும் ஏறின என்பது சின்ன விடயம் அல்ல.

திரையில் கதை வேறு. 1978இல் வெளியான ‘வாடைக்காற்று’ செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய படம். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். கே.எஸ். பாலச்சந்திரன், இந்திரகுமார் ஆகியோருடன் மனோகரன் முக்கிய பாத்திரத்தில் நடித்தார். கதையின் பின்னணி கடற்றொழில். பேசியது ஈழத்துத் தமிழ்.

பின்னர் சென்னையில் குடியேறியவருக்குத் தமிழ், மலையாளப் படங்களில் பெரும்பாலும் கிடைத்தவை வில்லன் வேடங்களும் அடியாள் வேடங்களும்தான். கேரள ரசிகர்களுக்கு அவர் ‘சிலோன் மனோகர்’. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் சுராங்கனி ஒலித்தபோதும் பாடியவர் மலேசியா வாசுதேவன். அவருடைய பாட்டைத் தமிழ்நாட்டுச் சினிமா எடுத்துக்கொண்டது. அவருக்குக் கொடுத்ததோ சண்டைக் காட்சி.

2018 ஜனவரி 22இல் சென்னையில், 73 வயதில் அவர் காலமானார்.

1983 ஜூலைக் கலவரத்தில் ஈழத்துத் தமிழ்ப் படச்சுருள்கள் பல அழிந்தன. மிஞ்சியிருக்கும் படப்பிரதிகளும் இசைத்தட்டுகளும் சேகரிக்கப்படாவிட்டால், அடுத்த தலைமுறைக்குச் சுராங்கனி ‘யாரோ பாடிய பழைய பாட்டு’ ஆகிவிடும். ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது அவருடைய பழைய இசைத்தட்டு இருந்தால், தயவுசெய்து வீசிவிடாதீர்கள்.