எல்லைக் கோடும் பெண் வியாபாரமும்

மாதரையும் சிறுமியரையும் விபசாரத்தின் பொருட்டு நாடு விட்டு நாடு கடத்தும் வியாபாரத்தை ஒடுக்குவது அரசுகளின் கூட்டுக் கடமை என்னும் கருத்து, 1904-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஐரோப்பிய அரசுகள் சில செய்துகொண்ட ஒப்பந்தத்தில் முதன்முதல் உருப்பெற்றது. ஐரோப்பியப் பெண்களை மனத்திற்கொண்டு எழுந்த அவ்வொப்பந்தம், துறைமுகங்களையும் ரயில் நிலையங்களையும் கண்காணிக்கச் சொன்னதேயன்றித் தண்டனை எதையும் விதிக்கவில்லை.

தண்டனைக்கு வழிவகுத்தது 1910-ஆம் ஆண்டின் உடன்படிக்கை. அதன்படி, இருபது வயது நிரம்பாத பெண்ணை, அவள் சம்மதித்தாலுங்கூட, இத்தொழிலுக்கு அழைத்துச் செல்வது குற்றம். வயது வந்தவளாயின் வஞ்சனையோ பலாத்காரமோ நிரூபிக்கப்படல் வேண்டும். ஆனால் அதன் இறுதிக் குறிப்பில் ஒரு விசித்திரமான வாசகம் காணப்படுகிறது: விபசார விடுதியில் ஒரு பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாக அடைத்து வைத்தல் எவ்வளவு கொடியதாயினும், அது அந்தந்த நாட்டின் உள்விவகாரமாதலால் இவ்வுடன்படிக்கையில் இடம்பெற இயலாது என்பதே அது. வழியில் நேரும் குற்றத்தைக் கண்ட சட்டம், வழியின் முடிவில் நிகழும் குற்றத்திற்குக் கண்ணை மூடிக்கொண்டது. பின்வந்த நூறாண்டுக் கால வரலாறு பெரும்பாலும் இக்குறையைச் சிறுகச் சிறுகத் திருத்திய வரலாறே என்பது எம் கருத்து.

1921-இல், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் ஆதரவில் ஜினீவாவில் நிறைவேறிய உடன்படிக்கை, வயது வரம்பை 21 ஆக உயர்த்தி, இருபால் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. அவ்வரம்பை 16 ஆகக் குறைத்துக்கொள்ளும் உரிமையை இந்தியாவின் பெயரால் பிரிட்டிஷ் ஆட்சி ஒதுக்கி வைத்துக்கொண்டது. ஜப்பானோ, கொரியாவையும் தைவானையும் தன் பொறுப்பினின்று விலக்கிற்று. ஆளப்படும் நாட்டுப் பெண்ணுக்கு மலிவான பாதுகாப்பே போதும் என்று இவ்விரு பேரரசுகளும் கருதின போலும்!

சங்கம் நியமித்த நிபுணர்கள் 28 நாடுகளிலும் 112 நகரங்களிலும் விசாரித்தனர். அவர்களுடைய ஆட்கள் தரகரோடு தரகராகப் பழகித் திரட்டிய செய்திகளின்மீது 1927-இல் வெளிவந்த அறிக்கை, அரசு அனுமதி பெற்ற விடுதிகளே இவ்வியாபாரத்திற்குச் சந்தையாக விளங்குகின்றன என்று கூறியது. கீழ்த்திசை நாடுகளில் நடந்த அடுத்த விசாரணை, பெருந்தொகையாகக் கடத்தப்படுவோர் ஆசியப் பெண்களே, அவர்களுள்ளும் சீனப் பெண்களே மிகுதி என்று காட்டிற்று. வறுமையும் கடனும் மகளை விற்கச் செய்தன. கப்பற் பயணச் செலவு முதலாக அவள்மேல் ஏற்றப்பட்ட கணக்கு அவளை விடுதியிற் கட்டிவைத்தது. எனினும் 1933-ஆம் ஆண்டின் உடன்படிக்கை, வயது வந்த பெண்ணின் சம்மதத்தைப் பொருட்படுத்தாது விட்டபோதும், அயல்நாட்டுக்குக் கொண்டு செல்வதை மட்டுமே தண்டித்தது.

இதற்கிடையே சென்னை மாகாணம் 1930-இலேயே விபசாரத் தொழிலை ஒடுக்கும் சட்டத்தை இயற்றி, விடுதி நடத்துவோரையும் தரகரையும் உள்ளூரிலேயே தண்டிக்க முற்பட்டது குறிப்பிடத்தக்கது. உலக அளவில் அந்நிலை எய்தியது 1949-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில்தான். பிரிட்டனும் அமெரிக்காவும் அதில் சேரவேயில்லை. இந்தியா சேர்ந்து, 1956-இல் நாடு முழுமைக்கும் சட்டம் செய்தது.

வஞ்சனை, பலாத்காரம் ஆகியவற்றோடு, ஒருவருடைய நிராதரவான நிலையைப் பயன்படுத்திக்கொள்வதையும் ஆட்கடத்தல் பற்றிய 2000-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பலெர்மோ நெறிமுறை குற்றத்தின் இலக்கணத்திற் சேர்த்தது. 18 வயது நிரம்பாதோர் விஷயத்தில் அவற்றுள் எதையும் நிரூபிக்க வேண்டுவதில்லை. அந்நெறிமுறையின் தாய் உடன்படிக்கை, எல்லை கடந்தாலும் கடவாவிடினும் உள்நாட்டுச் சட்டம் இக்குற்றத்தைத் தண்டித்தாக வேண்டுமென்று விதித்தது.

2021-ஆம் ஆண்டுக்குரிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, கட்டாயப் பாலியற் சுரண்டலில் உழல்வோர் ஏறத்தாழ 63 லட்சம். அவர்களுள் ஐவரில் ஏறக்குறைய நால்வர் பெண்கள். ஆயினும் 2018-இல் எல்லாவகை ஆட்கடத்தலிலும் உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுவோர் சுமார் 50,000 பேரே; அவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் தத்தம் நாட்டு எல்லைக்குள்ளேயே கண்டெடுக்கப்பட்டவர்கள்.