வற்றாளைக்கிழங்கும் எங்கள் உம்மும்மாவும்

எங்கள் இரத்மலானை வீட்டில் விருந்தாளிகளுக்கு வற்றாளைக்கிழங்கு வைத்ததே இல்லை. அவித்துத் தேங்காய்ப்பூவோடு நாங்கள் மட்டும் சாப்பிடுவோம். யாராவது கேற்றைத் தட்டினால் உம்மும்மா கோப்பையை மூடி உள்ளே கொண்டுபோய்விடுவார். கேட்டால், "பஞ்சத்துச் சாப்பாடு புள்ள, வந்த ஆக்களுக்கு வைக்க ஏலாது" என்பார்.

இந்த விடுமுறையில் அதே கிழங்கைப் பழமும் கஜுவும் போட்டு கெசரோலாகச் செய்தோம். அதன் கதையை எழுதலாம் என்று தோன்றியது.

வற்றாளையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் அதை 'பட்டாட்டா' என்றார்கள். சிங்களத்தில் 'பத்தல' என்கிறோமே, அது போர்த்துக்கேயர் வழியாக வந்த அதே சொல்தான். கஜுவும் அன்னாசியும்கூட தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கேயர் காலத்தில் கிழக்கே வந்தவை.

பிறகு ஏன் இது பஞ்சத்துச் சாப்பாடு ஆனது?

1942 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. எங்கள் இரத்மலானை விமானத் தளமும் தப்பவில்லை. ஆனால் சனங்களை நீண்ட நாள் வாட்டியது அரிசித் தட்டுப்பாடு. நாங்கள் பர்மா அரிசியை நம்பி இருந்தோம். அந்த வருடமே பர்மா ஜப்பானிடம் விழுந்தது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. பல வீடுகளில் மரவள்ளியும் வற்றாளையும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. இது உம்மும்மா தன் உம்மாவிடம் கேட்ட கதை.

1973 அவரே அனுபவித்தது. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, எண்ணெய் எல்லாம் விலை ஏறின. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. அரிசிப் பங்கீடு குறைந்தது. விடியுமுன் பாண் கியூ. உம்மும்மா கைப்பிள்ளையோடு கியூவில் நின்று, பாண் கிடைக்காத நாட்களில் வற்றாளை அவித்துக் கொடுத்திருக்கிறார். இறக்குமதித் தடையால் அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய் விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே காலத்தை இரண்டு ஊர்கள் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கின்றன.

2022இல் கேஸ் கியூவில் நின்று, 13 மணிநேர மின்வெட்டையும் பார்த்த பிறகுதான் உம்மும்மா கோப்பையை ஏன் மூடினார் என்று எங்களுக்கு விளங்கியது.

அமெரிக்காவில் இதே கிழங்கு நன்றி நவிலல் நாளின் விருந்துச் சாப்பாடு. 1917இல் ஒரு மாஷ்மெலோ கம்பனி தன் சரக்கை விற்க வெளியிட்ட சமையல் கையேடு, மேலே மாஷ்மெலோ போடும் பழக்கத்தைப் பரப்பியது. அதில் ஜெலட்டின் இருப்பதால் நாங்கள் போடவில்லை.

செய்முறை இதுதான். ஒரு கிலோ வற்றாளையைத் தோலோடு அவியுங்கள். தோல் உரித்து அவித்தால் தண்ணீர் ஊறிவிடும். உரித்து மசித்து, 150 கிராம் சீவிய கித்துள் கருப்பட்டி, ஒரு கப் கட்டித் தேங்காய்ப்பால், இரண்டு முட்டை, 50 கிராம் பட்டர், ஏலம், கறுவாத்தூள் சேருங்கள். அன்னாசித் துண்டுகளைத் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, பேரீச்சம்பழத்தோடு கலந்துவிடுங்கள். மேலே 100 கிராம் கஜு தூவி, ஓவனில் 180 பாகையில் சுமார் 40 நிமிடம்.

உம்மும்மா ஒரு கரண்டி சாப்பிட்டார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை குடுங்க" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விருந்தாளிகளுக்கு வைக்காமல் மறைத்த சாப்பாடு எது? அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.