சாரதிக்குக் கற்பித்தவர் யார்? பூநகரியை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

வீதி விபத்துச் செய்திகளுக்கு நமது பத்திரிகைகளில் ஒரு நிலையான வடிவம் உண்டு. இடம், நேரம், வாகனங்களின் வகை, இறந்தவரின் வயது, சாரதி கைதான விபரம், பொலிஸார் மேலதிக விசாரணை மேற்கொண்டு வருகின்றனர் என்ற இறுதி வரி. பல்லாண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் இவ்வடிவத்தை நன்கறிவேன். அதில் ஒருபோதும் இடம்பெறாத கேள்வி ஒன்றும் உண்டு. அந்தச் சாரதிக்கு வாகனம் ஓட்டக் கற்பித்தவர் யார்? கற்பிப்பதற்கு அவருக்கிருந்த தகைமை என்ன? இக்கேள்வியின் வரலாற்றைப் பூநகரியை முன்வைத்து எழுதிப் பார்க்கலாம் எனத் தோன்றியது.

பூநகரியை நான் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையில் அமைந்த இவ்வூர் போர்த்துக்கேயர் காலம் முதல் கோட்டை கொண்ட காவலிடம். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர் பெற்ற விவசாய மண். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. சங்குப்பிட்டியிலிருந்து கேரதீவுக்குப் பாதைப் படகில் கடந்தே குடாநாட்டை அடைய வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1993 நவம்பரில் இங்கிருந்த இராணுவ முகாம் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டது. 2008 நவம்பரில் இராணுவம் பூநகரியை மீண்டும் கைப்பற்றியது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. ஏ-32 வீதியும் புதுப்பிக்கப்பட்டது. மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் ஊர்ந்த செம்மண் தடத்திலிருந்து வாகனங்கள் விரையும் காபெற் வீதிக்கு ஒரு தலைமுறைக்குள் வந்து சேர்ந்த ஊர் இது. வீதி மாறிய வேகத்தில் கற்பித்தல் மாறியதா என்பதே நமது வினா.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். வன்னியில் வாகனம் ஓட்டக் கற்றல் என்பது நெடுங்காலம் குருகுலவாசமாகவே இருந்தது. லொறியில் கிளீனராகச் சேரும் சிறுவன் மூடை ஏற்றுவான்; ரயர் மாற்றுவான்; வாகனத்தைக் கழுவுவான். சாரதியின் கையையும் காலையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள், ஆளரவமற்ற தெருவில், சாரதி இருக்கையை விட்டு நகர்ந்து இடம் கொடுப்பார். வயலிலோ தந்தையின் உழவு இயந்திரமே பாடசாலை. இம்முறையில் கற்றவர் இயந்திரத்தின் ஒலியிலேயே நோயை அறிவார். பாரம் ஏற்றிய வண்டி எந்த இடத்தில் சாயும் என்பதை உடலால் உணர்வார். இது இம்முறையின் பெருமை. ஆசானின் பிழைகளும் அப்படியே மாணவனுக்கு வந்து சேரும் என்பது இதன் குறை. வளைவில் முந்துபவரிடம் கற்றவன் வளைவில் முந்துவான். எதற்காக அவ்வாறு செய்யக்கூடாது என்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை.

அரசின் சட்டம் இக்குருகுலத்தினுள் நுழையவில்லை. அதன் வாசலில் நின்று மாணவனை மட்டும் சோதித்தது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் அடிப்படை. மாணவனை அரசு மூன்று வகையாகச் சோதிக்கிறது. உடற்தகுதிக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். இந்நிறுவகம் 1997ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வீதி ஒழுங்குகளை அறிந்திருக்கிறாரா என்பதற்கு எழுத்துப் பரீட்சை. கைத்திறனுக்கு வீதியில் செய்முறைப் பரீட்சை. கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு பெற வேண்டும். போதனாசிரியருக்கும் அனுமதி வேண்டும். ஆனால் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் நன்றாகக் கற்பிக்கவும் வல்லவர் என்ற நம்பிக்கை நமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று.

நமது சட்டங்களுக்கு முன்மாதிரியாக இருந்த பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு 1934இல் மட்டும் வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். அதன் விளைவாக 1935 ஜூன் முதலாம் திகதி தொடக்கம் புதிய சாரதிகளுக்கான பரீட்சை கட்டாயமாயிற்று. கற்பிப்பவரைப் பற்றி அப்போது எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. போதனாசிரியர்களுக்கான பதிவேடு 1964இல்தான் தொடங்கியது. அதுவும் விரும்பியவர் சேரலாம் என்ற அளவிலேயே. பணம் பெற்றுக் கற்பிப்பவர் அனைவரும் பதிவு பெற்றே ஆக வேண்டும் என்ற நிலை 1970இல் வந்தது. மாணவனைச் சோதித்ததற்கும் ஆசிரியரைச் சோதித்ததற்கும் இடையில் 35 ஆண்டுகள்! இன்று அங்கு போதனாசிரியராக விரும்புபவர் மூன்று படிகளைத் தாண்ட வேண்டும். முதலாவது அறிவுப் பரீட்சை. இரண்டாவது ஓட்டும் திறன். மூன்றாவது கற்பிக்கும் திறன். இறுதிப் பரீட்சையின்போது பரீட்சகர் பின்னிருக்கையில் அமர்ந்து பாடம் நடப்பதைக் கவனிக்கிறார். தகுதி பெற்ற பின்னரும் காலத்துக்குக் காலம் இவ்வாறு பரிசோதிக்கப்படுகிறார்கள்.

ஐக்கிய அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய ஆமோஸ் நேஹார்ட் என்பவர் 1930களில் உயர்நிலைப் பாடசாலை மாணவருக்கு வாகனம் ஓட்டுதலை ஒரு பாடமாகக் கற்பித்தார். விரைவிலேயே அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியும் அங்கு தொடங்கியது. ஏனைய பாடங்களின் ஆசிரியர்களைப் போன்றே சாரதிக் கல்வி ஆசிரியரும் பயிற்றப்பட வேண்டியவர் என்ற எண்ணத்தை நிலைநாட்டியவர்களுள் அவர் முதன்மையானவர்.

அந்நாடுகள் இவ்வாறு ஆசிரியரின் தகைமையைப் பேசத் தொடங்கிய பின்னர், வன்னியில் வாகனமே அரிதாகிப்போன காலம் ஒன்று வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கிடைக்காத நிலையில் பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அரச செயலகங்களும் பாடசாலைகளும் மருத்துவமனைகளும் நெருக்கடிக்குள்ளும் இயங்கின. ஆனால் ஒருவர் முறையாக வாகனம் ஓட்டப் பழகுவதற்கு எரிபொருளும் பழுதற்ற வாகனமும் சீரான வீதியும் வேண்டும். மூன்றுமே அன்று அங்கு இல்லை. ஒரு போத்தல் எரிபொருளை வைத்துக்கொண்டு எவர் மாணவனுக்குப் பின்நோக்கிச் செலுத்தப் பழக்குவார்? குருகுலமும் சுருங்கியது. 2002 யுத்த நிறுத்தத்தின் பின்னர் ஏ-9 வீதி திறந்தபோது விடுதலைப் புலிகளின் காவற்றுறை அவ்வீதியில் வேகக் கட்டுப்பாட்டை மீறியோருக்குத் தண்டம் விதித்ததைத் தெற்கிலிருந்து சென்ற பயணிகள் வியப்புடன் பேசினர். ஒழுங்கு தண்டனையால் பேணப்பட்டது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடுண்டது.

2009இன் பின்னர் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து மீள்குடியேறிய மக்களிடம் தவணைக்கட்டண மோட்டார் சைக்கிள்கள் வந்தன. லான்ட்மாஸ்டர்கள் வந்தன. தொழிலின்றி நின்ற இளைஞருக்கு ஓட்டோ ஒரு வாழ்வாதாரமாயிற்று. வீதிகள் அகன்று வழவழப்பாயின. ஆனால் குழந்தைப் பருவம் முழுவதும் வாகன நெரிசலையே காணாத ஒரு தலைமுறை அவ்வீதியில் இறங்கிற்று. இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகள், பின்விளக்கற்ற உழவு இயந்திரப் பெட்டி, எதிரே வரும் பேருந்தின் கண்கூசும் ஒளி ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றும் கணத்தில் என்ன செய்வது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நெரிசலான நகரத் தெருவில் 'எல்' பலகை மாட்டிய வாகனத்தில் பெறும் பயிற்சி இதற்குப் போதாது. இலங்கையில் வீதி விபத்துகளால் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். சில ஆண்டுகளில் இத்தொகை 3,000ஐ எட்டியது. போர் விட்டுவைத்த உயிர்களை வீதி கொள்ளுமாயின் அதனிலும் கொடிது வேறில்லை.

அண்டை நாடான இந்தியாவில் போதனாசிரியரின் தகைமை சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பயிற்சிப் பள்ளியில் கற்பிப்பவர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், ஐந்தாண்டு ஓட்டிய அனுபவம் வேண்டும், மோட்டார் இயந்திரவியலில் சான்றிதழ் வேண்டும் என்கின்றன. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பயிற்றுநர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும்; நிலையத்துக்குக் குறைந்தது ஓர் ஏக்கர் நிலம் வேண்டும். தாளில் இவை அழகிய விதிகள். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை கல்வியையும் அனுபவத்தையும் நிலத்தையும் அளக்கின்றன; கற்பிக்கும் திறனை நேரே அளப்பவை குறைவு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பயிற்சி கொடுத்துவிட்டால் விபத்து தானாகக் குறையும் என்று எண்ணுதல் தவறு. ஜோர்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் ஏறத்தாழ 16,000 மாணவரை வைத்து நடத்தப்பட்ட பெரும் ஆய்வு, விரிவான சாரதிக் கல்வி பெற்றோரிடையேகூட நீடித்த பெரும் பயன் காணப்படவில்லை என்ற ஏமாற்றத்தையே தந்தது. அதன் பின்னரே புதிய சாரதிக்குப் படிப்படியாக உரிமை வழங்கும் முறை பல நாடுகளில் வலுப்பெற்றது; நியூசிலாந்து 1987இல் அதனை நடைமுறைப்படுத்தியது. ஆசிரியரின் தகைமையை மேம்படுத்துவதோடு மாணவனுக்கு மேற்பார்வையுடன் கூடிய நீண்ட பழக்கமும் தேவை என்பதே இதன் பாடம்.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு எளிது. ஓட்டுதல் ஒரு திறன். கற்பித்தல் வேறொரு திறன். பூநகரி போன்ற இடத்தில் போதனாசிரியரின் தகைமையை அளக்கும்போது மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். மாணவனின் தாய்மொழியில் காரணத்தை விளக்க அவரால் முடிகிறதா? இரவு, கால்நடை, உழவு இயந்திரம், திடீர் மழை என்ற உள்ளூர்ச் சூழலை அவர் பாடமாக்குகிறாரா? அவர் கற்பிப்பதை எவரேனும் பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்ததுண்டா? இம்மூன்றுக்கும் ஒரு ஏக்கர் நிலமோ பெருஞ்செலவோ தேவையில்லை. பழைய லொறிச் சாரதிகளில் மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களது இயந்திர ஞானத்தையும் புதிய முறையையும் இணைத்து ஆசிரியர்களை உருவாக்க இதுவே தருணம். மாணவனை மூன்று முறை சோதிக்கும் அரசு, அவனது ஆசிரியரை ஒருமுறையேனும் வகுப்பில் வைத்துப் பார்க்குமாயின், நாளைய விபத்துச் செய்திகளில் சில எழுதப்படாமலே போகும்.