பெருந்தொற்றுத் திட்டமிடலில் பன்மொழிச் சமூகங்கள் (ஆஸ்திரேலியா)

மொழி, பண்பாடு, சமயம் ஆகியவற்றில் வேறுபட்ட சமூகங்களைக் கொள்ளைநோய்த் தடுப்புத் திட்டங்களை வகுப்பதிலும் செயற்படுத்துவதிலும் பங்காளிகளாக்கும் பொதுநலவாழ்வு நடைமுறை. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியரில் 27.6 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

கூறுகள்: பன்மொழி அறிவிப்புகள், மொழிபெயர்ப்பாளர் சேவை, சமூகத் தலைவர்களுடன் முன்கூட்டிய கலந்தாய்வு, உணவு மற்றும் சமய வழக்கங்களுக்கேற்ற உதவி, பிறந்த நாட்டையும் பேசும் மொழியையும் குறித்த தரவுத் திரட்டு.

வரலாறு: தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையை ஆஸ்திரேலிய அரசு 1973இல் தொடங்கியது. கோவிட்-19 பரவலின்போது, 2020 ஜூலை 4 அன்று, மெல்பர்ன் நகரின் ஒன்பது அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள் முன்னறிவிப்பின்றி முடக்கப்பட்டன. குடியேறியோரும் அகதிகளும் உட்பட ஏறத்தாழ 3,000 பேர் அங்கு வசித்தனர். எட்டுக் கட்டடங்களில் ஐந்து நாள்களிலும், எஞ்சிய ஆல்பிரட் தெருக் கட்டடத்தில் பதினான்கு நாள்களிலும் முடக்கம் நீங்கியது. தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை. உணவும் மருந்தும் சிலருக்குத் தாமதமாகவே கிடைத்தன. குடியிருப்பாளர்களும் தன்னார்வலர்களும் அறிவிப்புகளை மொழிபெயர்த்து இடைவெளியை நிரப்பினர். முன்னறிவிப்பற்ற அம்முடக்கம் மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என விக்டோரியா மாநில முறைகேள் அதிகாரி 2020 டிசம்பரில் அறிக்கையளித்தார். பன்மொழிச் சமூகங்களுக்கெனத் தனி நலவாழ்வு ஆலோசனைக் குழுவை ஆஸ்திரேலியக் கூட்டரசு அமைத்தது.

முக்கியத்துவம்: நெருக்கடிக்கு முன்பே சமூகங்களுடன் உறவை வளர்ப்பது பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றின்மீது நம்பிக்கையை உருவாக்குகிறது, பாதுகாப்பில் சமநீதிக்கு வழிவகுக்கிறது.