துரையைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூரும் பயணம். அந்த நாட்களில் எங்கள் வட்டத்துப் பேச்சில் லயம் வந்தது, சம்பளம் வந்தது, காணி வந்தது. வைத்தியம் மட்டும் பெரிசாக வரவில்லை. ஆனால் அந்தப் பாதையே ஒரு வைத்திய வரலாறுதான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காட்டு வழியே நடந்துதான் மலைக்கு ஏறியது. கொலராவிலும் வயிற்றுளைவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

சாவு கூடினால் வேலைக்கு ஆள் குறையும். தோட்டத்து வைத்தியம் தொடங்கியது இந்தக் கணக்கில்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். 1872இல் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளில் தொழிலாளிக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும், செலவில் தோட்டக்காரரும் பங்கெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தோட்டக்காரர்கள் அதை விருப்பத்தோடு ஏற்கவில்லை. அடுத்த சில வருடங்களிலேயே சட்டம் பலமுறை திருத்தப்பட்டது.

1912இல் வந்த புதிய சட்டத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். லயத்தைச் சுகாதாரமாக வைத்திருப்பது, யாருக்கு வருத்தம் என்று அறிந்துகொள்வது, தேவைப்பட்டால் வைத்தியசாலைக்கு அனுப்புவது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுப்பது எல்லாம் தோட்டத் துரையின் கடமை என்றது அது. அந்தக் காலத்துக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் நோயாளிக்கும் டொக்டருக்கும் நடுவில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். காலையில் பெரட்டில் ஆள் எண்ணுபவரின் நிர்வாகம்தான் 'இவளுக்கு உண்மையிலேயே மேலுக்கு முடியலையா, இல்லை வேலைக்கு டிமிக்கியா' என்று தீர்மானிக்கும். வருத்தம் என்பதே நிர்வாகம் நம்பினால்தான் வருத்தம்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகாவது இது மாறியிருக்கலாம். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத்தவரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலவச சுகாதாரம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது கிராமத்தில் அரசின் வேலையாக வளர்ந்தது. தோட்டத்தில் அது நிர்வாகத்தின் செலவாகவே கிடந்தது. கிராமத்துத் தாயின் வீட்டுக்கு அரசாங்கக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். தோட்டத்துத் தாய்க்குத் தோட்ட டிஸ்பென்சரியும் தோட்டத்து மருத்துவிச்சியும்தான். தோட்டப்புறத்தில் குழந்தை இறப்பு நாட்டின் சராசரியை விட நெடுங்காலம் கூடுதலாக இருந்ததற்கு லயமும் வறுமையும் மட்டும் காரணமில்லை, இந்தப் பிரிப்பும் ஒரு காரணம்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமை, 1992இல் மறுபடி கம்பனிகள். பிறகு சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆமை வேகம்.

சரி, இப்போது டவுன் ஆஸ்பத்திரிக்கு யாரும் போகலாமே? போகலாம். ஆனால் அங்கே மொழி நிற்கிறது. 1987இலும் 1988இலும் வந்த அரசியலமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழிதான், பெயர்ப்பலகையில் இருக்கிறது. வாட்டுக்குள் பேசுவதற்கு ஆள் வேண்டுமே! எங்களில் சிலர் சின்ன வயசில் அம்மாவுக்காக, சித்திக்காக மொழிபெயர்த்தவர்கள். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை சிங்களத்தில் 'தலை சுத்துது' என்று சொல்லிவிடலாம். 'வெள்ளை படுது' என்பதைப் பன்னிரண்டு வயசுப் பொடியன் எப்படிச் சொல்வான்? அம்மாவும் அவனிடம் சொல்லமாட்டாள். 'வயித்துவலி' என்று மட்டும் சொல்லச் சொல்லுவாள். டொக்டர் வயித்துவலிக்கு மருந்து எழுதுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

தமிழ் தெரிந்தவரை அனுப்பினால் முடிந்தது என்றும் இல்லை. 'முழுகாம இருக்கேன்', 'வீட்டுக்கு தூரம்' என்றெல்லாம் ஒரு பெண் சொல்லும்போது, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வளர்ந்த டொக்டரும் ஒரு நிமிசம் யோசிக்கக்கூடும். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த மலையகப் பிள்ளைகள் தாதியராக, குடும்பநல உத்தியோகத்தராக, டொக்டராக அந்த வாட்டுகளுக்குள் வர வேண்டும். அதற்குத் தோட்டத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். சுகாதார அமைச்சின் கூட்டங்களில் இதைப் பேசாமல் மொழிபெயர்ப்பாளர் பதவி பற்றி மட்டும் பேசுவது பாதி வேலை.

இன்னொரு சிக்கல் புதுசு. இன்றைக்கு லயத்தில் இருக்கிற பலருக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. அண்ணன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அக்கா ஆடைத் தொழிற்சாலையில், தாத்தா பென்சன் எடுத்துவிட்டார். தோட்ட டிஸ்பென்சரி 1912இலிருந்து தன் தொழிலாளிக்காக இருப்பது. அதே லயத்தில் இரவு மூன்று மணிக்கு நெஞ்சு வலிக்கிற தாத்தா இப்போது யாருடைய கணக்கில் வருவார்? தோட்ட லொறியை எடுக்க யாரிடம் கேட்க வேண்டும்?