முதலில் பொம்மை, பிறகு ஹெலிகாப்டர்

ஹூயி ஹெலிகாப்டரின் மாடல் கிட்டைப் பிரித்தால், பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளில் ஒன்று மெல்லிய குச்சியாக இருக்கும். அதன் இரண்டு முனையிலும் சின்ன எடைக்குண்டுகள். ரோட்டார் இறக்கைகளுக்குக் குறுக்கே, சற்று மேலே அதை ஒட்டும்படி விளக்கத்தாள் சொல்லும். நிஜ ஹெலிகாப்டரைப் பார்த்துச் சேர்த்த துண்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் குச்சி முதன்முதலில் பறந்தது ஒரு மாடலில். பெரிய ஹெலிகாப்டருக்கு அது போனது அதற்குப் பிறகுதான். இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு முழுக்க இப்படித்தான்: மாடல் நிஜத்தைப் பார்க்கிறது, நிஜம் மாடலைப் பார்க்கிறது, ஒரு மாடல் இன்னொரு மாடலைப் பார்க்கிறது. எது அசல், எது நகல் என்று கோடு கிழிப்பது கடினம்.

சீனக் குழந்தைகள் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பறக்கவிட்ட மூங்கில் தும்பியிலிருந்து தொடங்கலாம். கயிற்றை இழுத்துச் சுழற்றும் இதே வகை பொம்மை 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களிலும் தென்படுகிறது. 1784இல் லோனுவா, பியன்வெனு என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், பறவை இறகுகளை இரண்டு அடுக்காகச் செருகி, வில்லின் விசையால் எதிரெதிர்த் திசையில் சுழலும் பொம்மை ஒன்றை பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் பறக்கவிட்டார்கள். 1796இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி கிட்டத்தட்ட அதே அமைப்பை கார்க்கும் இறகும் கொண்டு செய்தார். 1870இல் அல்போன்ஸ் பெனோ வில்லைத் தூக்கிவிட்டு முறுக்கிய ரப்பரை வைத்தார். அந்த ரப்பர் கடல் தாண்டியது. 1878இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பாதிரியார் வெளியூர் போய்வந்தபோது தன் பிள்ளைகள் இருவருக்கு பெனோ வகைப் பொம்மை ஒன்றை வாங்கிவந்தார். வில்பர் ரைட்டுக்கு அப்போது 11 வயது, ஆர்வில்லுக்கு 7. பொம்மை உடைந்ததும் அவர்களே புதிதாகச் செய்தார்கள். பெரிதாகவும் செய்து பார்த்தார்கள். பெரிதாக்க ஆக்க அது பறக்க மறுத்தது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது சிறுவர்களுக்குத் தெரியவில்லை. அளவு மாறினால் பொருளின் குணமே மாறும் என்ற இந்தப் பாடம் இன்றைக்கும் மாடல் செய்கிறவர்களை விடுவதில்லை.

கீவ் நகரில் பிறந்த இகோர் சிகோர்ஸ்கியும் 12 வயதில் ரப்பரால் சுழலும் ஹெலிகாப்டர் பொம்மை செய்தவர்தான். 1939 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட்டில், கயிற்றால் கட்டப்பட்ட நிலையில் அவருடைய விஎஸ்-300 தரையை விட்டு எழுந்தது. அதன் வழித்தோன்றலான ஆர்-4 ஐந்தாண்டுக்குள் அசாமின் லாலாகாட் விமானத்தளம் வரை வந்துவிட்டது. 1944 ஏப்ரலில் அங்கிருந்து பர்மா காட்டுக்குப் பறந்த கார்ட்டர் ஹார்மன், சிக்கிக்கொண்ட நான்கு வீரர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு அது.

எடைக்குண்டுக் குச்சியின் கதை தனி. பிரின்ஸ்டனில் கணிதம் படித்த ஆர்தர் யங், பென்சில்வேனியாவில் தன் பட்டறையில் பல ஆண்டுகள் ஹெலிகாப்டர் மாடல்களோடே வாழ்ந்தார். மின்மோட்டாரில் இயங்கிய அந்த மாடல்கள் எழும், தடுமாறும், கவிழ்ந்து நொறுங்கும். உடைந்தது மாடல்தானே, திரும்பச் செய்யலாம். மனிதனை உட்காரவைத்துச் சோதித்திருந்தால் இத்தனை முறை தோற்றிருக்க முடியாது. கடைசியில், முனைகளில் எடை வைத்த ஒரு தண்டை ரோட்டாரோடு இணைத்தார். உடல் சாய்ந்தாலும் சுழலும் தண்டு தன் தளத்தை எளிதில் விடாது; ரோட்டாரையும் தன்னோடு பிடித்து நிறுத்தும். 1941இல் பஃபலோ நகரில் பெல் நிறுவனத்தின் தொழிற்சாலைக்குள் மாடலைப் பறக்கவிட்டுக் காட்டினார், வேலை கிடைத்தது. 1946 மார்ச் 8 அன்று, அவர் வடிவமைத்த பெல் 47, பொதுப் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. பத்தாண்டு கழித்து, 1956 அக்டோபர் 20 அன்று முதலில் பறந்த ஹூயியின் தலையிலும் அதே தண்டு இருந்தது. அந்த வகையில் 16,000க்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்கள் கட்டப்பட்டன.

பிளாஸ்டிக் கிட்டின் கிளை இங்கிலாந்தில் முளைத்தது. ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்டுகள் 1930களிலேயே 1/72 என்ற அளவைப் பிடித்தன. ஆறடி மனிதன் ஓர் அங்குலத்தில் அடங்குவான்; கணக்கு எளிது. 1936இல் ஃபிராக் நிறுவனம் அதே அளவில் 'பெங்குவின்' கிட்டுகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. அன்றைய செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக் நாளடைவில் கோணிக்கொள்ளும் என்பதுதான் குறை. போர் வந்ததும் 1/72க்கு ராணுவ மதிப்பு கிடைத்தது. அந்த அளவு மாடலை 35 அடி தூரத்தில் தொங்கவிட்டால், நிஜ விமானம் அரை மைல் தள்ளித் தெரிவதுபோலவே தெரியும். நம்முடையதா எதிரியுடையதா என்று வீரர்களைப் பழக்க, 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மர மாடல்கள் கேட்டது. எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம். வானத்தில் நிழலுரு மட்டும் தெரிந்தால் போதும்.

போருக்குப் பின் பாலிஸ்டைரீன் மலிவானது. ஹங்கேரியிலிருந்து வந்த அகதி நிக்கலஸ் கோவ் லண்டனில் நடத்திய ஏர்ஃபிக்ஸ் அப்போது சீப்பு செய்யும் கம்பெனி. 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம் தன் விற்பனையாளர்கள் கையில் கொடுக்க ஒரு டிராக்டர் பொம்மை கேட்டது. சீப்பு வார்த்த இயந்திரத்தில் டிராக்டரின் பாகங்களை வார்த்தார்கள். கோத்து விற்பதைவிடப் பிரித்தபடியே விற்பது மலிவு என்று பிறகு தெரிந்தது. அதன் பின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல், பிளாஸ்டிக் பைக்குள் துண்டுகளாக, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு வந்தது. கூலியை மிச்சப்படுத்த எடுத்த முடிவு, வாங்குகிறவரையே கட்டுமானக்காரர் ஆக்கிவிட்டது. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து நகலெடுப்பவர்களின் காலம். நியூயார்க்கின் அரோரா தன் முதல் விமான கிட்டுகளை சிகாகோவின் ஹாக் நிறுவனத்தைப் பார்த்துச் செய்தது. அரோராவின் ஸ்பிட்ஃபயரைப் பார்த்து, அளவைச் சுருக்கித் தன் முதல் ஸ்பிட்ஃபயரைச் செய்தது ஏர்ஃபிக்ஸ். அரோரா செய்த பிழைகளும் அட்லாண்டிக்கைத் தாண்டின. 1958இல் ஜப்பானின் மருசான், ரெவெல் நிறுவனத்தின் நாட்டிலஸ் நீர்மூழ்கியைப் பார்த்து அந்நாட்டின் தொடக்ககால பிளாஸ்டிக் கிட்டை வெளியிட்டது. மரத்தில் மாடல் செய்துவந்த ஷிஸுவோகா நகரத்துப் பட்டறைகள் ஆட்டம் கண்டன. அங்கே மர வியாபாரத்தில் தொடங்கிய டாமியா வேறு வழியின்றிப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அதன் பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்ததால் 1/35 என்ற அளவு அமைந்தது. பேட்டரியின் பருமன் நிர்ணயித்த அந்த அளவில்தான் இன்று பெரிய ராணுவ ஹெலிகாப்டர் கிட்டுகளும் வருகின்றன. டாங்கியும் ஜீப்பும் வீரர்களும் பக்கத்தில் நிற்க வேண்டுமே.

அச்சுகளும் ஊர் சுற்றின. 1970களின் பிற்பகுதியில் ஃபிராக் மூடப்பட்டபோது, அதன் அச்சுகளில் பெரும்பங்கு சோவியத் யூனியனுக்குப் போய் 'நோவோ' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை ரெவெலுக்குப் போயின. இத்தாலியின் இடலேரி வார்த்த துண்டுகள் அமெரிக்காவில் டெஸ்டர்ஸ் பெட்டியிலும் ஜப்பானில் டாமியா பெட்டியிலும் விற்றன. அனுபவமுள்ளவர்கள் பெட்டிப் படத்தை நம்புவதில்லை. சட்டத்தைத் திருப்பி அச்சின் வயதைப் பார்க்கிறார்கள்.

போர் விமானத்தில் சின்னக் கண்ணாடிக்குள் விமானியின் தலை தெரிந்தால் போதும். ஹூயியிலோ மூக்கு முழுக்கக் கண்ணாடி, இருபுறக் கதவுகளும் திறந்தே கிடக்கும். வியட்நாம் போரின் புகைப்படங்கள் அந்த உள்ளறையை உலகுக்குக் காட்டிவிட்டன: குழாய்ச் சட்டத்தில் கட்டிய கேன்வாஸ் இருக்கைகள், பின்சுவரில் மெத்தைபோல் தைத்த ஒலித்தடுப்பு விரிப்பு, விமானியைச் சுற்றிக் கவசத் தகடு. பழைய கிட்டுகளிலோ மொட்டைத் தரையும் இரண்டு கட்டை இருக்கைகளும்தான். மேம்படுத்தும் கலை ஹெலிகாப்டரில் செழித்ததற்கு இந்தத் திறந்த கதவு ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

அந்தக் கலையின் கருவிகள் எல்லாம் வேறு வேலைக்குப் பிறந்தவை. மின்சுற்றுப் பலகை செய்யும் அமில அரிப்பு முறை, காகிதம்போல மெல்லிய பித்தளைத் தகட்டில் இருக்கைப் பட்டியின் கொக்கியைக்கூட வெட்டித் தந்தது. 1989இல் செக் நாட்டின் சுரங்கப் பகுதியில் தொடங்கிய எடுவார்ட் அதையே உலக வியாபாரமாக்கியது. பிளாஸ்டிக் பசை பித்தளையைப் பிடிக்காது. அதற்கு நம்மூரில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்கும் வகை வேண்டும். 1942இல் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு துப்பாக்கிக் குறிநோக்கிக்கான தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடியபோது கையில் சிக்கிய பொருள் அது. எதைத் தொட்டாலும் ஒட்டுகிறதென்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். பின்னாளில் வியட்நாமில் காயங்களின் ரத்தப்போக்கை நிறுத்த அதையே தெளித்தார்கள். அந்தப் பசையின் ஆவி கண்ணாடித் துண்டுகளை வெள்ளை படியச் செய்யும். தடுக்க, தரை மெழுகும் அக்ரிலிக் திரவத்தில் கண்ணாடியை முன்பே முக்கி எடுக்கிறார்கள். பழைய கண்ணாடியின் கீறல்கூட மறைந்து பளிச்சிடும். ஆண்டெனாக் கம்பி வேண்டுமா? மிச்சமிருக்கும் சட்டத்தைச் சுடரில் காட்டி, இளகியதும் இழுத்தால் தலைமுடி அளவு நூல் கிடைக்கும். யங்கின் தண்டை பிளாஸ்டிக்கில் இவ்வளவு மெல்லிதாக வார்க்க இயலாது; உலோகக் கம்பியில் மாற்றுவார்கள்.

ஹூயி கட்டுகிறவர் ஒரே ஒரு திருத்தம் செய்வதானால், ரோட்டார் இறக்கைகளைச் செய்யட்டும். அச்சில் வருபவை மட்டப்பலகைபோல நேராக இருக்கும். தரையில் நிற்கும் ஹூயியின் நீண்ட இறக்கைகள் தம் எடையால் முனையில் லேசாகத் தாழும். பறக்கும்போதோ ஏற்று விசையால் மேல்நோக்கி வளையும். வெந்நீரில் நனைத்து, மெதுவாக வளைத்து, குளிர்ந்த நீரில் பிடித்தால் வளைவு நிற்கும். எந்தப் பக்கம் வளைப்பது என்பதை மாடல் நிற்கிறதா பறக்கிறதா என்பதை வைத்து முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இப்போது சிலர் இருக்கையின் தையலையும் ரோட்டார் தலையின் திருகாணிகளையும் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்து விற்கிறார்கள். எடுவார்ட் போன்ற நிறுவனங்களும் இப்போது அந்த வேலையைத் தாங்களே செய்கின்றன.