மலை உச்சியில் ஒரு பழைய ரிப்பீட்டர்

ரேடியோவுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா வாசிங்க.

2005 ஆகஸ்ட். கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் செத்துப்போயின. நமக்கு 108 மாதிரி அவங்களுக்கு 911. அந்த 911 அழைப்பு மையங்களிலேயே 38 செயலிழந்தன. ஆம்புலன்ஸ் இருக்கு, டாக்டர் இருக்கார், கூப்பிட வழியில்லை. அந்த நேரத்தில் முகாம்களிலிருந்து செய்தி கொண்டு போனவர்களில் ஒரு கூட்டம் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். 'ஹாம்'னு சொல்வாங்க. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தக் காசில் ரேடியோ வச்சிருக்கிற சாதாரண ஆட்கள்.

நமக்கும் இது புதுசு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்குக்குப் போனவங்க, அந்தமானின் அவசரச் செய்தித் தொடர்பாக மாறிட்டாங்க. அவங்க பயன்படுத்தியது ரொம்ப தூரம் போகும் சிற்றலை. நான் இங்கே சொல்லப்போறது ஊருக்குள்ளே, மாவட்டத்துக்குள்ளே பேசுற கைக்கருவியைப் பற்றி. அதுக்கு ஒரு ரிப்பீட்டர் வேணும்.

ரிப்பீட்டர்னா என்ன? 5 வாட் கைக்கருவியில் பேசினால் சில கிலோமீட்டர்தான் கேட்கும். கட்டடம், மலை எல்லாம் மறிக்கும். அதனால் உயரமான இடத்தில் ஒரு பெட்டியை வைக்கிறாங்க. அது ஒரு அலைவரிசையில் உங்க குரலைக் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும்.

கேட்க எளிது. ஆனால் 2 மீட்டர் பேண்டில் அந்த இரண்டு அலைவரிசைக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். பக்கத்தில் 100 வாட்டில் தானே கத்திக்கொண்டு, அதே ஆண்டெனாவில் மைக்ரோவோல்ட்டில் கால் பங்கு சிக்னலையும் கேட்கணும். எங்க பாஷையில் சொன்னால், திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ஸ்டெதஸ்கோப்பில் கைக்குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற வேலை. டியூப்ளெக்ஸர் எனும் பெரிய உலோக உருளைகள் அந்தச் சத்தத்தை வடிகட்டும்.

இப்போ வரலாறு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்ட் ஜென்ட்ரி என்கிற ஹாம் 1950களில் அமைத்த கே6எம்ஒய்கே, உலகின் ஆரம்பகால ஹாம் ரிப்பீட்டர்களில் ஒன்று. ஆனா இது ஊருக்கு ஊர் பரவக் காரணம் ஒரு அரசாணை. 1960களில் போலீஸ், டாக்ஸி ரேடியோக்கள் எடுத்துக்கொள்ளும் அலை அகலத்தைச் சுருக்கச் சொன்னது அமெரிக்க அரசு. அதற்கு ஒத்துவராத கருவிகள் ஒரேயடியாகக் கழிக்கப்பட்டன. காயலான் கடை விலைக்கு வந்ததை ஹாம்கள் அள்ளிட்டுப் போய் தங்கள் பேண்டுக்கு மாற்றினாங்க. 1972ல் அமெரிக்க அரசு ரிப்பீட்டருக்கென்று தனி விதிகளே எழுத வேண்டியதாயிற்று.

கவனிச்சீங்களா? ஹாம் ரிப்பீட்டரில் பெரும்பாலானவை பிறக்கும்போதே பழசு.

அதில் ராஜா என்று பலரும் சொல்வது ஜெனரல் எலக்ட்ரிக்கின் மாஸ்டர் 2. 1970களில் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் தயாரானது. ராத்திரி பகலாக ஓடுவதற்கென்றே கட்டியது. உள்ளே தனித்தனி கார்டுகள். எது பழுதோ அதைக் கழற்றலாம். கூடவே கொடுத்த கையேட்டில் சர்க்யூட் முழுக்க இருக்கும், ஒவ்வொரு ரெசிஸ்டரும் பேர் போட்டு. இன்றைக்கு நம்ம ஆஸ்பத்திரிக்கு வருகிற எந்த மானிட்டரோடும் அப்படி ஒரு புத்தகம் வந்து நான் பார்த்ததில்லை. "சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடவும்", அவ்வளவுதான்.

அந்த ரேடியோ வியாபாரம் ஜெனரல் எலக்ட்ரிக் கையை விட்டுப் பல முதலாளிகளிடம் மாறி, 2009ல் ஹாரிஸ் நிறுவனத்திடம் போனது. மாஸ்டர் 2 மட்டும் மலை மேலே ஓடிக்கொண்டே இருந்தது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும், மாற்றுவாங்க. மறுபடி ஓடும்.

பெரிய அடி வேறு பக்கத்தில் விழுந்தது. இந்த மெஷினில் அலைவரிசையைத் தீர்மானிப்பது ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். கடையில் கிடைக்காது, சொல்லி அறுத்து வாங்கணும். அந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்த ஓக்லஹோமாவின் இன்டர்நேஷனல் கிரிஸ்டல் நிறுவனம் 2017ல் மூடப்போவதாக அறிவித்தது. அன்றைக்கு நிறைய கிளப்புகளில் ஒரே விவாதம்: இன்னும் இழுக்கலாமா, இல்ல தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கலாமா? கிரிஸ்டலுக்குப் பதிலாகச் சின்ன சின்தசைசர் போர்டைப் பொருத்தி ஓட்டினவங்களும் உண்டு. பேஸ்மேக்கர் வச்ச தாத்தா மாதிரி, நல்லாவே இருக்கு.

புதுசு வாங்கலாம் என்பவர்கள் முட்டாள்கள் இல்லை. புதிய கருவி குறைந்த மின்சாரம் குடிக்கும். புயல் நேரத்தில் பேட்டரியில்தானே ஓடணும்? மழையில் நனைஞ்சு மலை ஏறும் வேலையும் குறையும். யேசு நிறுவனம் கிளப்புகளுக்கு அடிமாட்டு விலையில் டிஜிட்டல் ரிப்பீட்டர் கொடுக்க ஆரம்பித்தபோது பலரும் வரிசையில் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

சிக்கல் எங்கேன்னா, டிஜிட்டலில் ஒரு பாஷை இல்லை. ஜப்பானிய ஹாம் சங்கம் உருவாக்கிய டி-ஸ்டார் ஒன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த டிஎம்ஆர் இன்னொன்று. யேசுவின் ஃபியூஷன் மூன்றாவது. ஒன்று பேசுவது மற்றதுக்குப் புரியாது. பழைய எஃப்எம் மட்டும் எல்லார் கையிலும் இருக்கு, பரணில் கிடக்கும் 40 வருஷக் கருவியிலும், மலிவான சீனக் கருவியிலும். யேசு பெட்டி இந்தப் பழைய எஃப்எம்மையும் சேர்த்துப் பேசும். அது நல்ல யோசனை. ஆனா எஃப்எம்மை மொத்தமாக அணைத்து ஏதோ ஒரு டிஜிட்டலுக்கு மாறின மலையில், ஒலி துல்லியமாச்சு, கேட்கிற ஆள் குறைஞ்சாங்க. பேரிடருக்கென்று வைத்த பெட்டிக்கு இதுதான் முதல் கேள்வின்னு நான் நினைக்கிறேன்: பக்கத்து ஊரிலிருந்து ஓடி வருகிற ஆள் கையில் இருக்கும் கருவி இதோடு பேசுமா?

எங்க துறையில் இதுக்கு அண்ணன் முறை கதை ஒன்று உண்டு. டல்லஸின் பால் அலெக்சாண்டர், 1952ல் போலியோ வந்து இரும்பு நுரையீரலுக்குள் போனவர். பிறகு நல்ல வென்டிலேட்டர்கள் வந்தன. அவர் மாறவில்லை; அதுக்குத் தொண்டையில் துளை போடணும். 2004ல் பழைய மெஷின்களுக்கான கம்பெனி பராமரிப்பு நின்றது. 2015ல் அவர் மெஷின் கசிய ஆரம்பித்தபோது, உதவிக்கு வந்தது ஒரு மெக்கானிக். அந்த மனிதர் வக்கீலாகி, 2024 மார்ச் வரை வாழ்ந்தார்.

அந்த மெக்கானிக் கிடைக்காமல் போயிருந்தால்? மலை மேலேயும் அதே பயம்தான். மெஷினைத் திறக்கத் தெரிந்தவருக்கு இப்போ எழுபது, எண்பது வயசு. கிரிஸ்டலுக்கு மாற்று கண்டுபிடிச்சாச்சு, அவருக்கு இன்னும் இல்லை. ஒரே ஒருவருக்குத்தான் ரிப்பேர் தெரியும் என்றால், அந்த மெஷின் எவ்வளவு நல்லா ஓடினாலும் மாற்றிவிடுங்கள் என்பேன். நாலு இளசுகள் கற்றுக்கொண்டிருந்தால் தொடாதீங்க.

இதில் ஒரு வேடிக்கை. 2013 ஜனவரி 1க்குள் போலீஸ், தீயணைப்பு ரேடியோக்கள் அலை அகலத்தை மறுபடி பாதியாகக் குறைக்கணும் என்று அமெரிக்காவில் கெடு வைத்தாங்க. மறுபடி குவியல் குவியலாகக் கழிவு. மறுபடி ஹாம்கள் போய் அள்ளினாங்க. இப்போ மாஸ்டர் 2ஐ இறக்கிவிட்டு நிறைய மலைகளில் ஏற்றுவது மோட்டோரோலாவின் குவாண்டார். 1990களில் வந்த மெஷின். அதையும் கம்பெனி தயாரிப்பதை நிறுத்தியாச்சு.